முப்பத்திரண்டாவது இலை

நான் வேலை பார்க்கும் பீன்யா, பெங்களூரில் எங்கள் வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. சென்ற தவக்காலத்தில் ஏறக்குறைய மூன்று வாரம் நான் கிழக்கே புறப்பட்டுத்தான் பீன்யாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அல்சூரில் மெட்ரோ ஏறுவேன். எதிர்த்திசையில் ஒரே ஒரு ஸ்டேஷன். இந்திராநகரில் இறங்கி, மைத்துனர் வீட்டு பார்க்கிங்கில் நிறுத்தி வைத்திருந்த என் காரை எடுத்து, வந்த வழியே திரும்பி, ஊரைக் குறுக்காகக் கடந்து வேலைக்குப் போவேன். வீட்டு வாசலிலிருந்தே காரை எடுத்திருந்தால் அத்தனை பெட்ரோல் எரிந்திருக்காது. பூமி சூடாவதைக் குறைக்க நான் எடுத்துக்கொண்ட ஒரு விரதத்தைக் காப்பாற்றத்தான் இவ்வளவும். சரியாகச் சொன்னால், நான் அதைக் காப்பாற்றுகிறேன் என்று தெருக்காரர்கள் நினைப்பதற்காக.

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் பங்குக் கோயிலில் தெருவுக்கு ஒன்றாக அன்பியங்கள் உண்டு. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வாரம் ஒருவர் வீட்டில் கூடி, செபம் சொல்லி, பைபிள் வாசித்து, காபி குடித்துக் கலையும் குழு அது. எங்கள் அன்பியத்தில் முப்பத்திரண்டு வீடுகள். எச்.ஏ.எல்.லில் இருந்து ஓய்வு பெற்றவர்களும், ஐ.டி.யில் இருப்பவர்களும், வீட்டு வேலைக்குப் போகிறவர்களும், பெயின்ட் அடிக்கிறவர்களும் ஒரே அன்பியம். நான் அதன் ஒருங்கிணைப்பாளர். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு யாரும் கையைத் தூக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் ஆள் இல்லாத அறையில் எரியும் விளக்கை அணைத்துவிட்டு வருகிற ஆள் நான். குழாயை ஒழுங்காக மூடச் சொல்லி கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் நின்று சண்டை போட்டிருக்கிறேன். தொழிற்சாலையில் எனக்குத் தரக்கட்டுப்பாடு வேலை. இருபத்தெட்டு வருஷமாகப் பிறர் செய்ததில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். அந்தக் கண்ணை வீட்டுக்கு வந்த பிறகும் கழற்றி வைக்கத் தெரியவில்லை.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தின வாரம் பங்குத்தந்தை எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். அவர் இளைஞர், ஊருக்குப் புதிது. ஏரிகள் வற்றுவது, டேங்கர் தண்ணீருக்கு அடித்துக்கொள்வது, ஏப்ரலில் அடிக்க வேண்டிய வெயில் பிப்ரவரியிலேயே எட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இந்த வருஷத் தவக்காலத்தைப் பூமிக்காக ஒறுத்தல் செய்யும் காலமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்கு ஒரு காகித இலை. நாற்பது நாளைக்கு எதை விடுகிறோமோ அதை இலையில் எழுதித் தர வேண்டும். கோயில் முகப்பில் ஒரு காய்ந்த கிளையை நட்டு, அதில் எல்லா இலைகளையும் கட்டுவார்கள். முதல் ஞாயிறன்று ஒவ்வொரு அன்பியத்தின் இலைகளையும் அதன் ஒருங்கிணைப்பாளர் மைக்கில் வாசிப்பார்.

எனக்குப் பிடித்துப் போயிற்று. அன்று இரவே ஒரு பட்டியல் தட்டச்சு செய்து முப்பத்திரண்டு பிரதி எடுத்தேன். விடக்கூடியவை என்று தலைப்பு. கார், பைக், ஏசி, விமானம், ஆன்லைனில் பார்சல் வரவழைப்பது, கீசர் என்று பத்துப் பன்னிரண்டு இருந்தன. என் இலையை முதல் ஆளாக எழுதினேன். "கார். நாற்பது நாளும் மெட்ரோ." பெரிய எழுத்தில் எழுதியதால் இலையில் அதற்கு மேல் இடமில்லை.

மற்ற இலைகள் வரத் தொடங்கின. பாதி இலைகளில் கறி என்று இருந்தது. தவக்காலத்தில் நாங்கள் ஏற்கெனவே கறி சாப்பிடுவதில்லை. எல்லா வருஷமும் விடுவதையே புதிதாக விடுவதுபோல் எழுதித் தந்திருந்தார்கள். ஒரு வீட்டில் விமானப் பயணம் என்று எழுதியிருந்தார்கள். அந்த வீட்டில் இதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. ஏசி வைத்திருக்கிறவர், "மார்ச் பதினஞ்சு வரைக்கும்" என்று அடைப்புக்குறிக்குள் தேதி போட்டிருந்தார். நான் எல்லாவற்றையும் பார்த்து முகம் சுளித்தேன். என் மனைவி, "உங்களுக்கு இலை வேணுமா, பாவசங்கீர்த்தனம் வேணுமா? வாங்கி வைங்க," என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் முப்பத்தொரு இலை சேர்ந்துவிட்டது. பாக்கி ஒரு வீடு.

அந்த வீடு எங்கள் தெருவின் கடைசியில் சந்துக்குள் இருக்கிறது. ஒரே அறை, மேலே ஷீட். கணவன் லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறான். மனைவி ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் தையல் மெஷினில் உட்காருகிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அன்பியக் கூட்டத்துக்கு ஒரு வாரம்கூடத் தவறாதவள். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள்.

நான் போனபோது அவள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். பட்டியலை என் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நானும் நாலு நாளா பாத்துட்டே இருக்கேண்ணா. இதுல ஒண்ணுகூட எங்க வீட்ல இல்லியே. இல்லாதத எப்படிண்ணா விடறது?"

நியாயமான கேள்வி. சரிம்மா, உனக்கு வேண்டாம், ஒரு செபம் கூடுதலாகச் சொல்லிவிடு என்று எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்தொன்று என்ற எண் எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெரு அன்பியத்தில் மூன்று வீடு இலை தரவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். மைக்கில் நின்று, எங்கள் அன்பியத்தில் எல்லா வீடும், என்று சொல்ல வேண்டும் எனக்கு. அந்த அறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். ஒரு டியூப்லைட், காஸ் அடுப்பு, இரண்டு செல்போன், சுவர் ஓரமாக ஒரு டேபிள் ஃபேன். ஃபேன் ஓடவில்லை. பிப்ரவரி மாதத்து அல்சூர், ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது.

"கரண்ட்டுல ஏதாவது ஒண்ணு போடலாமே. ஃபேன் இருக்கே," என்றேன். "இப்பத்தான் குளிரா இருக்கே, ஓடக்கூட இல்லியே."

அவள் ஃபேனைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "சரிண்ணா, அதயே எழுதுங்க. எனக்குத் தமிழ் எழுத வராது."

நான்தான் எழுதினேன். மின்விசிறி.

ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்வது, பகலில் போடாமல் இருப்பது என்கிற மாதிரி ஏதோ என் மனதில் இருந்திருக்க வேண்டும். இருந்தது என்று பின்னால் எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் மைக்கில் அவள் பெயரைச் சொல்லி, "இல்லாமையிலிருந்து கொடுத்த சகோதரி" என்று ஒரு வரி சேர்த்து வாசித்தேன். கோயில் முழுக்கத் திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தது. பங்குத்தந்தை தலையசைத்தார். என் இலையைக் கடைசியாக வாசித்தேன், அடக்கமாக இருக்கட்டுமென்று.

பதினோரு நாள் ஒழுங்காக மெட்ரோவில் போனேன். மெஜஸ்டிக்கில் இறங்கி, பச்சைப் பாதை மெட்ரோவுக்கு மாறி, பீன்யாவில் இறங்கி, அங்கிருந்து தொழிற்சாலை வரை லாரிப் புழுதியில் இருபது நிமிஷம் நடை. முதல் வாரம் அந்த நடையைப் பற்றிக் கூட்டத்தில் பேசினேன். இரண்டாவது வாரம் அந்த நடை என்னைப் பற்றி என் முழங்காலிடம் பேசியது. நடுவில் வந்த ஞாயிறுகளில் காரை எடுத்தேன். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், நாற்பதில் சேராது, திருச்சபையே அப்படித்தான் கணக்கிடுகிறது என்று வாசலில் நின்று கேட்டவருக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் சும்மா, "எங்க கிளம்பிட்டீங்க?" என்றுதான் கேட்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் ஜெர்மனியிலிருந்து தொழிற்சாலையைப் பார்வையிட ஆட்கள் வந்தார்கள். ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த ஒரு நாள் காரில் போனேன். மறுநாளும் அவர்கள் இருந்தார்கள். அதற்கு மறுநாள் அவர்கள் இல்லை, ஆனால் நான் காரில் போனேன். ஏசியைப் போட்டுக்கொண்டு தும்கூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நிற்கும்போது எனக்கு நல்ல நல்ல நியாயங்கள் தோன்றின. இத்தனை லாரி போகிற சாலையில் என் ஒரு கார் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? தலைக்கு மேலே விமானம் போகிறது. தனி ஆள் திருந்தி உலகம் மாறாது, சட்டம் போட்டால்தான் மாறும். இதெல்லாம் உண்மைதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பட்டியல் தட்டச்சு செய்த இரவில் இந்த உண்மைகளில் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை.

பிரச்சினை தெருதான். என் கார் வாசலில் நிற்கிற கார். அது நகர்ந்தால் பதினைந்து வீட்டுக்குத் தெரியும். மைத்துனர் வீட்டு பார்க்கிங்கில் ஒரு இடம் காலியாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞாயிறுதான் சேராதே, காரைக் கொண்டுபோய் அங்கே விட்டேன். தெருவில், "கார் வாசலில் இருந்தால்தானே சபலம், அதையே அப்புறப்படுத்திவிட்டேன்," என்று சொன்னேன். பாராட்டினார்கள். மறுநாளிலிருந்து தோளில் பையை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் தெரிய நடந்து ஸ்டேஷனுக்குப் போய், கிழக்கே போகும் பிளாட்பாரத்தில் நின்றேன்.

மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா? மூன்றாம் நாளே அவள் அண்ணன் போனில் சொல்லிவிட்டான். இட்லியை என் தட்டில் வைத்துக்கொண்டே, "நீங்க எந்த ஸ்டேஷன்ல இறங்குறீங்கன்னு தெருவுக்குத் தெரியாது, சரி. மேல இருக்கிறவருக்குமா தெரியாது?" என்றாள். நான் சட்னி கேட்டேன்.

மார்ச் பிறந்ததும் வெயில் ஏறியது. பெங்களூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றி ஒரு கர்வம் இருந்தது, எங்கள் ஊரில் ஃபேனே தேவையில்லை என்று. அந்தப் பேச்சை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. எங்கள் வீடு மாடி வைத்த கான்கிரீட் வீடு, அதிலேயே ராத்திரி சுவர் சுட்டது. ஷீட் போட்ட வீடு எப்படி இருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்தேன், ஆனால் அவள் எப்போதோ ஃபேனைப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் விரதத்தை விட்டதுபோல் அவளும் விட்டிருப்பாள் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஐந்தாவது வாரக் கூட்டம் எங்கள் வீட்டில். அவள் வந்தாள். வலது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. செபம் முடிந்து காபி கொடுக்கும்போது என் மனைவிதான் கேட்டாள்.

"ஊசி ஏறிடுச்சுக்கா. மெஷின்ல ஒரு நிமிஷம் கண்ணு அசந்துட்டேன். நகத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வந்துடுச்சு."

"கண்ணு அசர்ற அளவுக்கு என்ன?"

பக்கத்தில் இருந்த இன்னொரு பெண் முந்திக்கொண்டாள். "தூக்கம் எங்க? அந்த ஷீட்டு வீட்ல ஃபேன் போடாம படுத்தா யாருக்குத் தூக்கம் வரும்? ராத்திரியெல்லாம் ஈரத்துணிய மேல போட்டுட்டு உக்காந்திருக்கா. கேட்டா, சொல்லிட்டேன், சாமிக்குச் சொன்னத மாத்தக் கூடாதுங்கறா."

"விரல் ஆறலேன்னா மெஷின்ல உக்கார வெக்க மாட்டேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான்," என்றாள் அவள். "நூலு வெட்ற டேபிளுக்கு அனுப்பிடுவாங்களாம். அங்க போனவங்கள அப்புறம் மெல்ல நிறுத்திடுவாங்க. ஆறிடும்க்கா, ஒண்ணும் ஆவாது." பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நாள்தானேண்ணா," என்று சிரித்தாள்.

அவள் முகத்தைப் பார்க்காமல் காலி டம்ளர்களைப் பொறுக்கினேன். அது வெட்கம்தான், வேறு பெயர் வைக்கத் தேவையில்லை. எல்லோரும் போன பிறகு ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் குத்துமதிப்பாகப் போட்டுப் பார்த்தேன். தரக்கட்டுப்பாட்டு ஆள், எண் இல்லாமல் இருக்க முடியாது. அவள் நாற்பது இரவு விட்ட ஃபேன், நான் பீன்யாவுக்கு இரண்டு மூன்று நாள் காரில் போய் வரும் புகைக்கு ஈடாகுமோ என்னவோ. கவரைக் கிழித்துப் போட்டேன்.

ஃபேனைப் போடச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். நாற்பது நாளும் காரை விட்டவராக என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படிப்பட்டவர் சொன்னால் இரக்கத்தில் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வாள். பங்குத்தந்தையை விட்டுச் சொல்ல வைக்கலாம் என்று ஒரு யோசனை. அவர், ஏன், என்ன ஆயிற்று என்று கேட்பார். இப்படி மூன்று நாள் போயிற்று. மூன்று நாளும் அவள் அந்த விரலோடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தாள். மூன்று நாளும் நான் கிழக்கே போனேன்.

"போய்ச் சொல்லுங்க," என்றாள் மனைவி சனிக்கிழமை மத்தியானம். "நீங்க போகலன்னா நான் போறேன்." அவள் போனால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். எழுந்து போனேன்.

வெயில் இறங்கும் நேரம். ஆனாலும் அறைக்குள் நுழைந்ததும் மூச்சு முட்டியது. கணவன் சட்டையில்லாமல் உட்கார்ந்து காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். அவள் இடது கையால் காய் நறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஃபேன் மேல் ஒரு துண்டு மூடியிருந்தது.

"ஃபேனப் போடும்மா," என்றேன். "போதும். அன்பியத்து சார்பா நான் சொல்றேன்."

"இன்னும் ஒரு வாரம்தானேண்ணா. நீங்க இந்த வெயில்ல பீன்யால எறங்கி அவ்ளோ தூரம் நடக்கறீங்க. நான் வீட்டுக்குள்ள படுத்துட்டு இது ஒண்ணு செய்ய மாட்டேனா?"

"நான் நடக்கல."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"கார்லதான் போறேன். மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. இந்திராநகர்ல காரை விட்டு வெச்சிருக்கேன். அங்க போய் எடுத்துட்டுப் போறேன்."

கணவன் அட்டையைக் கீழே வைத்தான். "நான் சொன்னேனா இல்லியா?" என்று மனைவியைக் கேட்டான். பிறகு என்னிடம், "கொரகுண்டேபாளையா சிக்னல்ல பாத்தேன் சார் உங்கள. எனக்கு முன்னாடி நிக்கிறீங்க. கண்ணாடி ஏத்திருந்தீங்க, உங்களுக்குத் தெரியல. வீட்டுக்கு வந்து சொன்னா இவ நம்பல. வேற யாரோ, உனக்குக் கண்ணு தெரியல, அண்ணாவப் பத்தி அப்படிப் பேசாதேன்னு ஒரே சண்டை. ரெண்டு நாள் பேசல சார் என்கூட."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அழுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ஃபேனப் போடுய்யா," என்றாள் கணவனிடம்.

அவன் துண்டை எடுத்துவிட்டுச் சுவிட்சைத் தட்டினான். மாதக்கணக்கில் ஓடாத ஃபேன், முதலில் தூசியைத்தான் கக்கியது.

"என்கிட்ட ஏண்ணா கேட்டீங்க?" என்றாள். "நான்தான் இல்லேன்னு சொன்னேனே. இந்தப் பட்டியல்ல இருக்கிறது எதுவும் எங்க வீட்ல இல்லேன்னு. இருந்தது அது ஒண்ணு. அது மேல போய் ஏன் கண்ணு வெச்சீங்க?"

"எல்லா வீடும் வரணும்னு நெனச்சேன்மா."

"வந்து?"

வந்து ஒன்றுமில்லை. மைக்கில் சொல்வதற்கு ஒரு வரி. மன்னிச்சிடும்மா என்றேன். அவள், "இந்தப் பக்கம் வந்து உக்காருங்க, அங்க காத்து வராது," என்றாள். உட்கார்ந்தேன். டீ போட்டாள். ஒரு கையால் போட்ட டீயைக் குடித்து முடிக்கும் வரை அங்கிருந்து எழுந்திருக்க முடியாது, அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

புறப்படும்போது அவள் வாசல் வரை வந்தாள்.

"நாளைக்குக் குருத்து ஞாயிறு. அறிவிப்பு நீங்கதானே படிக்கிறீங்க?"

"ஆமா."

"மைக்குல சொல்லிடுங்கண்ணா. நான் ஃபேன் போட்டுட்டேன்னு நாளைக்குத் தெரு பேசும். பக்கத்து வீட்டுக்குக் கேக்குது பாருங்க சத்தம். இவ்ளோ நாள் இருந்துட்டு கடைசி ஒரு வாரத்துல விட்டுட்டா பாருன்னு சொல்லுவாங்க. நான் ஏன் போட்டேன்னு நீங்க சொல்லிடுங்க. அது போதும்."

சொல்கிறேன் என்றேன். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குச் சாயங்காலமே இந்திராநகர் போய்க் காரை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினேன். ஒரு தாளில் நான்கு வரி எழுதினேன். மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "இத அப்படியே படிங்க," என்றாள்.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. ஆள் ஆளுக்குக் கையில் குருத்தோலை. நன்றி மன்றாட்டு முடிந்து என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய வியாழன் பூசை நேரம், பெரிய வெள்ளி சிலுவைப்பாதை எங்கிருந்து தொடங்கும், எல்லாம் படித்தேன். பிறகு அந்தத் தாளை எடுத்தேன். முதல் வரியில் முதல் சொல் "நான்" என்று இருந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். ஏசிக்காரர் இருந்தார். பக்கத்துத் தெரு ஒருங்கிணைப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பங்குத்தந்தை என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"பூமிக்காக நாம் எடுத்துக்கொண்ட ஒறுத்தலை," என்று என் வாய் தானாகச் சொல்லத் தொடங்கியது, "நம்மால் முழுமையாகக் கடைப்பிடிக்க முடியவில்லை. நாம் எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் தவறியிருக்கிறோம். நாம் எல்லோருமே பொறுப்பு. இந்தப் புனித வாரத்தில் அதற்காக மனம் வருந்துவோம்." நல்ல தமிழ். தடுமாற்றம் இல்லாமல் வந்தது. கோயிலே தலையைக் குனிந்தது. இப்படிப்பட்ட வாக்கியத்தைக் கேட்டு யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை, எல்லோரும் சேர்ந்து குனிவார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து நிமிர்வார்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் குனியவில்லை.

பூசை முடிந்து முகப்பில் கூட்டம் நின்றது. பிள்ளைகள் ஓலையில் சிலுவை முடைந்துகொண்டிருந்தார்கள். இரண்டு மூன்று பேர் என்னிடம் வந்து, நல்லா சொன்னீங்க, நாம எல்லாருமே அப்படித்தான் என்று கைகொடுத்தார்கள். ஏசிக்காரரும் கொடுத்தார். அவர்கள் பின்னால் அவள் நின்றிருந்தாள். கட்டுப்போட்ட கையில் ஓலையைப் பிடிக்க முடியாமல் இடது கையில் வைத்திருந்தாள்.

"எல்லாருமாண்ணா?" என்றாள்.

"இல்லம்மா. பொதுவா சொன்னேன்."

"பொதுவான்னா யாருண்ணா?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள், பதிலுக்குக் காத்து நின்றாள். மற்றவர்கள் நகரவில்லை. என் மனைவி கொஞ்சம் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்," என்றேன்.

குரல் எழும்பவில்லை. சத்தத்தில் ஏசிக்காரருக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது, காதைக் கொண்டுவந்து, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். அவள் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கார நான் விடல. ஊரை ஏமாத்திட்டு தினம் கார்லதான் போனேன். இந்தம்மா ஒருத்திதான் சொன்னபடி இருந்தா," என்று இந்தத் தடவை அந்த முகப்பில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.